மண்ணுக்குள் மூன்று நத்தைகள்

பிற்பகல் மூன்று மணி பத்து. மகளுக்கு "சாப்பிட்டியா?" என்று ஒரு செய்தி அனுப்பினேன். ஒரு சரிக்குறி விழுந்தது. இரண்டாவது விழவில்லை.

அப்போது அது பெரிதாகப் படவில்லை என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. அடுத்த நிமிடமே கைபேசியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

வரிசைப்படி பார்த்தால் இந்தத் தொடரில் இந்த வாரம் எங்கள் பதிப்பகத்தின் இரண்டாவது புத்தகம் பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். முடியவில்லை. தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து நிற்கிறேன். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

ஹட்டன் கடைவீதியில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் இருந்தோம். எங்கள் பதிப்பகம் என்பது அந்த ஒரே அறைதான். மழைக்குப் பாடசாலையை மூடியிருந்தார்கள். படிப்பிக்கப் போக வேண்டியதில்லை. ஜன்னலுக்கு வெளியே பஸ் நிலையம் இல்லை, எதிர்க் கடைகள் இல்லை, மலை இல்லை. மூடுபனியின் வெள்ளை மட்டும் இருந்தது. அதில் கொஞ்சம் ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து மேசையோரம் நின்றது.

மூலையில் என் மனைவி கலா புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய சேலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க, போனையே பாத்துக்கிட்டு இருந்தா டவர் வந்துருமா?"

"ஒரு டிக்தான் விழுந்திருக்கு."

"மழைன்னா அங்கிட்டு எப்பவும் ஒரு டிக்தான். போன தடவை அவ திருவிழாவுக்குப் போனப்பவும் அப்படித்தான். அப்பவும் நீங்க சோறு திங்கல."

எங்கள் ஒரே மகள் தர்ஷினி அன்று காலை பொகவந்தலாவை பஸ்ஸில் போயிருந்தாள். கூடவே மூன்று சாக்கு நிறையப் புத்தகங்கள்.

நத்தை வந்த வழி

மலையில் புத்தகம் வைத்திருப்பது கைக்குழந்தை வைத்திருப்பது மாதிரி. கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், அட்டை வாயைப் பிளந்துவிடும். பக்கங்கள் அப்பளம் மாதிரி வளையும். அலமாரிக்குள் ஒரு மஞ்சள் பல்பு இரவு பகலாக எரிந்துகொண்டிருக்கும். மின்சாரம் போனால் புத்தகங்களுக்குக் கம்பளி போர்த்துவோம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தோட்டங்களுக்குக் கொண்டுபோகும்போது அட்டைப் பெட்டி சரிப்படாது. பஸ்ஸின் கூரையில் ஏற்றினால் போய்ச் சேரும்போது கூழாகிவிடும். தர்ஷினிதான் உரச் சாக்கைக் கண்டுபிடித்தாள். தோட்டத்தில் உரம் போட்டபின் எறியும் வெள்ளைச் சாக்குகளை வாங்கி, வாடை போகக் கழுவிக் காயவைத்து, உள்ளே பிளாஸ்டிக் தாள் விரித்துப் புத்தகங்களை அடுக்கி, வாயைத் தைத்துவிடுவாள். கோவா, கிழங்கு என்று காய்கறி மூட்டைகளோடு கலந்துவிடாமலிருக்க ஒவ்வொரு சாக்கிலும் சிவப்பு மையில் ஒரு நத்தை வரைந்தாள்.

பஸ் கண்டக்டர்கள் எல்லோருக்கும் அந்த நத்தையைத் தெரியும்.

அன்று காலையிலும் மூட்டையைத் தூக்கிக் கொடுத்தபோது கண்டக்டர் கேட்டார், "என்னா தங்கச்சி, நத்தைய ஏத்திட்டீங்க. இனி பஸ்ஸு எப்ப போய்ச் சேர்றது?"

"ஒங்க பஸ்ஸு போற போக்குக்கு நத்தை முந்திரும்ணே."

"அப்ப நத்தைக்குத்தான் டிக்கட் போடணும்."

நத்தை எங்களிடம் வந்தது வேறு வழியாக. ஆரம்பத்தில், பதிப்பகத்துக்குப் பெயர்கூட வைக்காத காலத்தில், முதல் புத்தகத்தின் பிழை திருத்தும் தாள்களை ஒருநாள் தரையில் விட்டுவிட்டுப் போய்விட்டேன். மழைக்காலம். காலையில் வந்து பார்த்தால் கூரைத் தண்ணீர் இறங்கும் பீலி வழியாக ஏறிவந்த நத்தைகள் தாள்களின் ஓரத்தை அழகாக அரித்து வைத்திருந்தன. ஒன்று இன்னும் மூன்றாம் அத்தியாயத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. தர்ஷினி அப்போது பாடசாலைப் பிள்ளை. குந்தியிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நம்ம பொஸ்தகத்த மொதல்ல வாசிச்சது இதுதான்" என்றாள்.

பெயர் வேறு தேட வேண்டியிருக்கவில்லை.

மூன்று தட்டுகள்

அறையில் ஒரே ஒரு அலமாரிதான். மேல் தட்டில் நாவல்களும் சிறுகதைகளும். நடுத்தட்டில் கவிதை. கீழ்த்தட்டில் படப் புத்தகங்கள். கடைக்கு வரும் பிள்ளைகள் மாடியேறி வந்து எட்டி எடுக்கட்டும் என்று.

நாவலை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கொழும்பில் கடைகளில் நிற்கும் பையன்கள். தீபாவளிக்கு ஊர் வந்து திரும்பும்போது ரயிலில் வாசிக்க ஒன்று வேண்டும் என்று கேட்பார்கள். "தடிப்பா இருக்கணும் சேர். நாவலப்பிட்டி வர்றதுக்குள்ள முடிஞ்சிறக் கூடாது." கவிதைப் புத்தகத்தைப் போடச் சொல்லி எல்லோரும் கேட்பார்கள்; வாங்குகிறவர்கள் கவிஞர்கள். படப் புத்தகத்தைப் பிள்ளைக்கென்று தாய்மார் வாங்குவார்கள். பிறகு படிக்கட்டிலேயே நின்று தாங்கள் வாசிப்பார்கள்.

எல்லாப் புத்தகத்திலும் ஒரு வாசம் இருக்கும். கீழே கடையில் கருவாடும் கொத்தமல்லியும் பெருங்காயமும். மட்டக்களப்பிலிருந்து ஒரு வாசகர், மீனவர் கதையா இது, அட்டையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்று விசாரித்தார். ரயில் நிலையத்து மாஸ்டரைப் பற்றிய நாவல் அது.

கீழ்த்தட்டில் இருக்கும் 'மேகம் வந்த வகுப்பு' தர்ஷினி எழுதி வரைந்தது. உடைந்த ஜன்னல் வழியாக ஒரு மேகம் வகுப்புக்குள் வந்து கடைசி வாங்கில் உட்காருகிறது. ஆசிரியர் பெயர் கூப்பிடுகிறார். மேகத்துக்குப் பேசத் தெரியாது. பிள்ளைகள் அதற்காக "உள்ளேன் ஐயா" சொல்கிறார்கள். மணியடித்ததும் எல்லோருடைய பாடக் கொப்பியையும் நனைத்துவிட்டுப் போய்விடுகிறது. அந்த ஆசிரியருக்கு என் வழுக்கையும் என் மூக்குக் கண்ணாடியும் இருக்கின்றன. கலா எப்போது அந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் சிரிப்பாள்.

அந்தப் புத்தகம் அச்சாகும்போது பச்சைக்காகச் சண்டை போட்டது தனிக் கதை. கொழும்பு அச்சகத்தில் ஒரே ஒரு பச்சைதான் இருந்தது. "இது வாழை இலைப் பச்சை. கொழுந்துப் பச்சை வேற, முத்தல் இலைப் பச்சை வேற, மழை பெஞ்சு மறுநாள் வேற" என்று தர்ஷினி அவர்களோடு வாதாடினாள். அச்சகக்காரர் கடைசியில், "தங்கச்சி, ஒங்க மலையையே கொண்டாங்க, பாத்து அடிக்கிறோம்" என்றார். அடுத்த வாரம் ஒரு பை நிறைய இலையோடு ரயிலேறினாள்.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் புத்தகத்தையும் அது பிறந்த இடத்தில்தான் முதலில் திறப்போம். கொழும்பு மண்டபமெல்லாம் பிறகு. நிலைய மாஸ்டர் நாவலை றொசல்ல நிலையத்து மேடையிலேயே வெளியிட்டோம். நடுவில் ரயில் வந்தது. பேச்சாளர் நிறுத்தினார். ஜன்னல்களில் முகங்கள் எட்டிப் பார்த்தன. ரயில் போனபின் பேச்சாளருக்கு எங்கே விட்டோம் என்று மறந்துவிட்டது. புகைபோல மூடுபனி மட்டும் தண்டவாளத்தில் படுத்திருந்தது. எல்லோரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதுவே நல்ல பேச்சாக இருந்தது.

அந்தப் பழக்கம்தான் தர்ஷினியைப் பொகவந்தலாவைக்கு அனுப்பியது. இந்த முறை ராஜேஸ்வரியின் கவிதைகள்.

மூச்சு வாங்குமிடம்

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ராஜேஸ்வரி கொழுந்து பறிக்கிறார். கவிதையை அவர் எழுதுவதில்லை. பறிக்கும்போது மனதில் கட்டி வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, கைபேசியில் குரல் பதிவாகப் பேசி அனுப்புவார். தர்ஷினி அதைக் கேட்டுத் தட்டச்சு செய்வாள். வரியை எங்கே முறிப்பது என்பதற்கு எங்களிடம் ஒரே விதி: அவர் எங்கே மூச்சு வாங்குகிறாரோ அங்கே.

ஒரு பதிவில், கவிதையின் நடுவே, "மாடு கொழுந்துக்குள்ள எறங்குது, வெரட்டுங்க" என்று தூரத்தில் ஓர் ஆண் குரல். தர்ஷினிக்கு அதுவும் வேண்டும் என்று ஆசை.

"வேணாம் பாப்பா" என்று பதில் வந்தது. "அது எங்க கங்காணி. பொஸ்தகத்துல வந்துச்சுன்னா பாதிக் கவிதை நான்தான் சொன்னேன்னு திரிவாரு."

அந்தக் கவிதைகளை ராஜேஸ்வரி குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளின் வாசலில், வேலை முடிந்து எல்லோரும் வந்தபின், அவரே பேசித் திறந்து வைப்பதாக ஏற்பாடு. ஒரு சாக்கில் அவருடைய கவிதைகள். மற்ற இரண்டிலும் நாவலும் படப் புத்தகமும். கூட்டம் வந்தால் பார்க்கட்டும் என்று.

காலையில் தூறல்தான். நானும் பஸ்ஸடிக்குப் போனேன். போக வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொல்லாதீங்கப்பா" என்று சிரித்தாள்.

சுப்பையா அண்ணன் படியேறினார்

கீழ்க்கடை முதலாளி சுப்பையா அண்ணனுக்கு முழங்கால் வலி. ஏதாவது வேண்டுமென்றால் கீழே நின்று கூட்டும் தும்புத்தடியால் கூரைப் பலகையைத் தட்டுவார். இத்தனை காலத்தில் அவர் மாடிக்கு வந்ததில்லை. அன்று அந்தி மங்கும் நேரம், படியில் அவருடைய காலடி கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

"சேர், ஒன்னு காட்டணும். காட்டலாமா வேணாமான்னு பாதிப் படியில ஏறி எறங்கிக்கிட்டு இருந்தேன்."

அவருடைய கைபேசியில் ஒரு படம். யாரோ யாருக்கோ அனுப்பி, கைமாறிக் கைமாறி வந்தது. சிவப்பு மண். ஒரு லயத்தின் பின்பக்கம் இல்லை. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் வானம் தெரிந்தது. முன்னால், சேற்றுக்குள் புதைந்தும் புதையாமலும் சில சாக்குகள். மற்றவற்றில் ஒன்றுமில்லை. மூன்றில் சிவப்பாக ஏதோ இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு நத்தை முழுதாகத் தெரிந்தது. இன்னொன்றுக்குக் கொம்பு மட்டும் தெரிந்தது.

கலா துணியைக் கீழே வைத்தாள்.

"நம்ம சாக்கு" என்றாள்.

சாக்கு எங்கேயோ அவள் அங்கே. அப்படித்தான் எங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் அதன் மேல் சாய்ந்துதான் தூங்குவாள். தேநீர் குடிக்க இறங்கினாலும் சாக்கு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்றுதான் குடிப்பாள். அந்தச் சாக்குகள் மண்ணுக்குள் கிடந்தன.

சுப்பையா அண்ணன் கடையை அப்படியே வேலையாட்களிடம் விட்டுவிட்டு வேனை எடுத்தார். வழியில் நோர்வூட்டுக்குக் கொஞ்சம் அப்பால் பொலிஸார் மறித்தார்கள். பாதையில் மரமும் மண்ணும். மழையங்கி போட்ட ஒரு பொலிஸ்காரர் கண்ணாடிக்குள் டார்ச் அடித்து, "பாற வஹலா மஹத்தயா" என்றார், பாதை மூடியிருக்கிறது என்று சிங்களத்தில். வெளிச்சம் கலாவின் முகத்தில் பட்டது. அவர் டார்ச்சை இறக்கிவிட்டுத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "அம்மா, பாதை இல்ல. நாங்க போக ஏலாது. நீங்களும் ஏலாது. வீட்டுக்குப் போங்க."

கலா அவரிடம் மகளின் பெயரைச் சொன்னாள். அவர் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அந்த இரவைப் பற்றி எழுத மாட்டேன்.

பல்பின் வெளிச்சத்தில்

மறுநாளும் மழை. வீட்டில் இருக்க முடியாமல் இருவரும் அறைக்கே வந்துவிட்டோம். யார் யாருக்கோ தொலைபேசி எடுத்தேன். எல்லோரும் "இன்னும் ஒன்னும் தெரியல" என்ற ஒரே வாக்கியத்தை வேறு வேறு குரலில் சொன்னார்கள். பக்கத்து மலை ஒன்றில் ஆட்கள் மண்ணோடு போய்விட்டார்கள் என்றார்கள். எந்த மலை என்று கேட்கப் பயமாக இருந்தது.

மூடுபனி வந்து போய்க்கொண்டிருந்தது. பல்பின் மஞ்சள் வெளிச்சம் மூன்று தட்டுகளிலும் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் எனக்கு வினோதமான ஓர் எண்ணம். இவள் இந்த அலமாரிக்குள்தான் எங்கோ இருக்கிறாள், சரியான புத்தகத்தை எடுத்துப் பிரித்தால் வெளியே வந்துவிடுவாள் என்று. ஒன்றிரண்டை எடுத்துப் பிரித்தும் பார்த்தேன். கலாவின் கையில் 'மேகம் வந்த வகுப்பு' இருந்தது. என் வழுக்கை இருக்கும் பக்கம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிக்கவில்லை.

ராஜேஸ்வரியின் பழைய பதிவுகளைப் போட்டேன். கவிதைக்காக அல்ல. அந்த மலையின் சத்தம் கேட்க. இலையில் விழும் மழை, யாரோ ஒரு பெண்ணின் சிரிப்பு, இருமும் பிள்ளை, நாய். கவிதை முடிந்தபின்னும் அவர் கைபேசியை நிறுத்த மறந்த ஒரு பதிவு இருந்தது. கூடைகள் உரசும் சத்தம் நீண்ட நேரம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் நடந்தேன். அங்கே எல்லோரும் இருந்தார்கள். எவருக்கும் எதுவும் நடக்கவில்லை.

மதியம் தாண்டி, அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே ஒரு புதிய பதிவு வந்து விழுந்தது. ராஜேஸ்வரியிடமிருந்து.

கலாதான் அழுத்தினாள்.

"சேர், நான் ராஜேஸ்வரி பேசுறேன். தண்ணித் தாங்கி மேல ஏறி நின்னு பேசுறேன், போகுமா தெரியல. பாப்பா நல்லா இருக்கு. மொதல்ல அதக் கேட்டுக்குங்க. நல்லா இருக்கு."

காற்று இரைந்தது. மூச்சு வாங்கினார்.

"மத்தியானமே பொஸ்தகத்தையெல்லாம் பிரிச்சு பிள்ளைக்காம்பராவுல அடுக்கிருச்சு. பொறகுதான் லயத்துக்குப் பின்னாடி தண்ணி பாஞ்சிச்சு. மண்ணு அள்ளிப் போட்டு மறிக்க எங்ககிட்ட இருந்த சாக்கு பத்தல. பாப்பாதான் நத்தைச் சாக்க ஒதறிக் குடுத்துச்சு. அதுவும் சேந்து மண்ணு அள்ளுச்சு. அணை நிக்கல சேர். பின்னாடி சமைக்கிற குசினியெல்லாம் போயிருச்சு. ஆனா அது நின்ன நேரத்துல ஆளுக எல்லாம் வெளிய வந்துட்டோம். எங்க லயத்துல உசுருக்கு ஒன்னுமில்ல."

தோட்டத்துப் பெண்கள் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் பிள்ளைக்காம்பரா. அது மேட்டில் இருக்கிறது. அங்கேதான் எல்லோரும் தங்கியிருந்தார்கள். வெற்றுச் சாக்குகளில் மண்ணைக் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் அந்தச் சாக்குகளுக்குள் அவளுடைய புத்தகங்களையும், பக்கத்தில் அவளையும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ராஜேஸ்வரி இன்னும் பேசினார்.

"நாவலையெல்லாம் தலைக்கு வச்சுப் படுத்துக்கிட்டோம். கோவிச்சுக்காதீங்க சேர், நல்ல ஒசரமாத்தான் இருக்கு. படப் பொஸ்தகத்த புள்ளைங்க கைய விட்டுக் குடுக்க மாட்டேங்குதுக. என் பொஸ்தகத்த நான் இன்னும் தொடல. கையெல்லாம் மண்ணா இருக்கு."

அங்கே பதிவு அறுந்துவிட்டது.

கலா அப்போதுதான் அழுதாள். நான் அழவில்லை. திரும்பத் திரும்ப அதைக் கேட்டேன். நான் எப்படிப்பட்டவன் என்று இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

"அவ ஏன் பேசல?" என்றேன்.

"யாரு?"

"தர்ஷினி. ராஜேஸ்வரி பக்கத்துல நின்னு ரெண்டு வார்த்த பேசியிருக்கலாமே. நல்லா இருந்தா பேசியிருப்பாதானே?"

"மேல ஏற முடிஞ்சவங்க ஏறியிருக்காங்க. விடுங்க."

"ஏன் அவளால ஏற முடியல?"

கலா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்கும் அதே கேள்வி வந்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

கீழேயிருந்து தும்புத்தடியால் தட்டும் சத்தம் கேட்டது. சுப்பையா அண்ணன் சோறு அனுப்பியிருந்தார். பிசைந்து வைத்துவிட்டு இருவரும் கையை உலர விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

வாசலில்

அதற்கடுத்த நாள் மழை மெலிந்தது. வெள்ளைக்குள்ளிருந்து எதிர்க் கடையின் பெயர்ப்பலகை முதலில் வந்தது, பிறகு பஸ் நிலையத்தின் கூரை, பிறகு மலையில் ஒரு துண்டு. ஒரு பாதையைத் திறந்துவிட்டார்கள் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். நான் ஜன்னலோரத்தில் நின்றேன். கலா அலமாரியைத் துடைக்கத் தொடங்கியிருந்தாள்.

உச்சி நேரம் தாண்டி ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்றது. நான் இறங்கிப் போகவில்லை. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படியில் காலடி கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு படியாக.

யாருடையதோ ஒரு பெரிய ஊதா நிற சுவெட்டர். முழங்கால் வரை காய்ந்த மண். முடியை ஒரு துணிக்கீற்றால் கட்டியிருந்தாள். சாக்கும் இல்லை, பையும் இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தரை அழுக்காகிவிடும் என்று உள்ளே வரவில்லை. கலா ஓடிப்போய் அவளை அந்தச் சேற்றோடு இழுத்து அணைத்துக்கொண்டாள். இருவரும் அப்படியே ஆடிக்கொண்டு நின்றார்கள். தாயின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தாள். கண் சிவந்து, முகம் சின்னதாகியிருந்தது.

என்னவெல்லாமோ சொல்ல வைத்திருந்தேன். வந்தது ஒரே கேள்விதான்.

"ஏன் பாப்பா நீ பேசல?"

"பேசினா அழுதுருவேன்பா. புள்ளைங்க பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க."

கலா அவளை விட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். நான் கதிரையில் உட்கார்ந்தேன். தர்ஷினி இரண்டு அடி உள்ளே வந்து, என் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தாள். என் முழங்காலில் தலையைச் சாய்த்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அப்படிச் செய்ததில்லை. முடியில் புகையும் ஈர மண்ணும் மணந்தன. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அப்பா" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "நாளைக்குத் திரும்பப் போகணும். வர்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அந்த ரோட்டுல தனியாப் போகப் பயமா இருக்குப்பா. நீங்க கூட வாங்க."